பள்ளியில் ஒரு குவளைக் கஞ்சி

ஆப்பிரிக்காவில் நடைபெறும் உதவிப் பணிகளைக் குறித்துப் பேசும்போது பெரிய நிறுவனங்களின் பெயர்களே நம் நினைவுக்கு வருகின்றன. தன்னார்வலர் சிலர் சிறிதாகத் தொடங்கிய பணி எவ்வாறு ஒழுங்குசெய்யப்படுகிறது என்பதை ஆராய்வது, காணிக்கை திரட்டும் பொறுப்புடைய நமக்கு அதிகப் பயன் தரும் எனக் கருதுகிறோம். 'மேரிஸ் மீல்ஸ்' என வழங்கும் பணியை இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

1992ஆம் ஆண்டில் பொஸ்னியப் போரில் அல்லலுற்றோருக்கென, ஸ்காட்லாந்தின் டால்மாலி என்னும் சிற்றூரைச் சேர்ந்த மாக்னஸ் மக்ஃபார்லேன்-பாரோவும் அவருடைய சகோதரரும் உணவும் போர்வையும் சேகரித்து, வண்டியில் தாமே ஏற்றிச் சென்றனர். மீன்பண்ணையில் வேலைசெய்துவந்த அவர்கள் நிவாரணப் பணியில் பயிற்சி பெற்றவர்கள் அல்லர். திரும்பி வந்தபோது மேலும் பொருள்கள் பெற்றோரின் கொட்டகையில் குவிந்திருந்தன. அக்கொட்டகையே பின்னர் அலுவலகமாயிற்று.

2002இல் மலாவி நாட்டைப் பஞ்சம் வாட்டியது. அங்கே மரணத் தறுவாயிலிருந்த ஒரு தாயின் மூத்த மகனிடம், அவன் விரும்புவது யாது என்று மாக்னஸ் வினவினார். உண்ணப் போதிய உணவும், பள்ளி செல்லும் வாய்ப்புமே அவன் கேட்டவை. அந்நாட்டில் 1994 முதல் தொடக்கக் கல்விக்குக் கட்டணம் இல்லை. ஆயினும் பசித்த பிள்ளை பாடத்தைவிட்டு உணவைத் தேடிச் செல்வது இயல்பன்றோ? ஆகவே உணவைப் பள்ளியிலேயே கொடுப்பதென்று தீர்மானித்து, 200 பிள்ளைகளுடன் தொடங்கினர்.

மக்காச்சோளமும் சோயாவும் கலந்த சத்துமாவு நிறுவனத்தால் வழங்கப்படுகிறது. 'லிக்குனி பாலா' எனப்படும் அக்கஞ்சி மலாவி மக்களுக்குப் பழக்கமான உணவே. இயன்றவரை அந்நாட்டிலேயே தானியம் கொள்முதல் செய்யப்படுவதால், நன்கொடையின் ஒரு பகுதி அங்குள்ள உழவரையும் சென்றடைகிறது. சமைப்பவரோ அவ்வூர்ப் பெற்றோரும் பாட்டிமாருமே. முறைவைத்து, விடியுமுன் வந்து அடுப்பு மூட்டுகின்றனர். அவர்களுக்கு ஊதியம் இல்லை.

இவ்விடத்தில் நாம் சற்றுத் தயங்குகிறோம். ஸ்காட்லாந்தில் ஓய்வுநேரத்தைக் கொடுப்பவரும் 'தன்னார்வலர்', வயல்வேலையை விட்டுவரும் ஏழைத்தாயும் 'தன்னார்வலர்' எனில், ஒரே சொல் இருவேறு பாரங்களை மறைத்துவிடுகிறது. நன்கொடையாளரின் பெயர் அறிக்கையில் வருகிறது. அத்தாயின் உழைப்புக்கு எவரும் விலையிட்டுப் பார்ப்பதில்லை. எனினும், ஊர் மக்கள் பொறுப்பேற்காத இடத்தில் இத்திட்டம் நிலைக்க இயலாது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். அவர்கள் வெறுமனே பெறுகிறவர்கள் அல்லர்; தங்கள் பிள்ளைகளுக்குத் தாங்களே உணவிடுகிறவர்கள்.

கணக்கைப் பற்றியும் ஒரு சொல். எருசலேமின் ஏழைகளுக்கான காணிக்கையைப் பவுல் தனியே கொண்டுபோகத் துணியாமல், சபைகள் தெரிந்தெடுத்தவர்களையும் சேர்த்துக்கொண்டார். நம்மில் எத்தனை குருமார் இதைப் பிரசங்கித்தும் தம் நிதிப்பேரேட்டைப் பூட்டிவைத்திருக்கிறோம்! இப்பணியிலோ கண்காணிப்பாளர் பள்ளிகளுக்குச் சென்று மாவின் இருப்பையும் பதிவேட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கின்றனர்.

இதன் உணவைப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை 2021இல் 20 இலட்சத்தை எட்டியது. இப்போது ஊதியம் பெறும் பணியாளரும் உளர். ஆயினும் மலாவியின் பள்ளி அடுப்புகளைக் காலையில் மூட்டுவோர் இன்றும் அவ்வூராரே.