எங்க வீட்டு எம்டன்

உங்கள் ஆபீஸில் நிச்சயம் ஓர் எம்டன் இருப்பார். லீவ் லெட்டரை நீட்டினால் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "போன மாசம்தானேப்பா பாட்டி செத்துப் போனாங்க?" என்பார். அப்படிப்பட்ட ஒருவருக்கு மகனாகப் பிறந்தவன் நான்.

அப்பா ஒரு தனியார் கம்பெனியில் முப்பத்து நாலு வருஷம் அக்கவுண்ட்ஸ் பார்த்தவர். பேரேட்டில் அவர் போட்ட எட்டு, அச்சடித்த எட்டு மாதிரி இருக்கும். எதிரில் 'சார்', முதுகுக்குப் பின்னால் 'எம்டன்'. அவருக்கும் அது தெரியும். கொஞ்சம் பெருமை கூட. என்னை பி.காம். படிக்க வைத்தார், நான் பத்திரிகைக்கு எழுதப் போனேன். என்னை வரவில் வைப்பதா, செலவில் வைப்பதா என்று அவருக்கு இன்னும் குழப்பம்.

சிங்கப்பூரிலிருந்து வந்த நண்பன் போன வருஷம் ஒரு நீளமான அட்டைப் பெட்டியை என் கையில் திணித்தான். மேலே போர்க்கப்பல் படம். பெயர், 'எம்டன்'. ரெவெல் கம்பெனியின் பிளாஸ்டிக் மாடல் கிட். அளவு 1:350. அதாவது 118 மீட்டர் நிஜக் கப்பல் நம் கையில் 34 சென்டிமீட்டர். கப்பலில் நிற்கும் மனிதன் ஐந்து மில்லிமீட்டர், பெரிய சைஸ் எறும்பு மாதிரி.

'எம்டனுக்கு எம்டனையே கொடுத்தால் என்ன?' என்று தோன்றியது. அப்பாவின் பிறந்த நாளுக்கு நீட்டினேன். பெட்டியைத் திறந்தார், சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டங்களில் நூற்றுக்கணக்கான துண்டுகள், கொத்தாகக் காய்த்த மாவடு மாதிரி தொங்கின.

"கப்பல் எங்கடா?"

"நாமதான்பா பண்ணணும்."

"காசையும் கொடுத்து வேலையையும் நாமளே செய்யணுமா?"

நியாயமான கேள்வி. உலகத்தில் பல லட்சம் பேர் இந்தக் கேள்வியைக் கேட்காமலே இருக்கிறார்கள். லண்டனில் 1939-இல் காற்றடைத்த ரப்பர் பொம்மைகளோடு தொடங்கிய ஏர்ஃபிக்ஸ் கம்பெனி, 1949-இல் ஃபெர்குசன் டிராக்டர் விளம்பரத்துக்காக ஒரு குட்டி டிராக்டர் செய்தது. 1952-இல் 'கோல்டன் ஹிண்ட்' என்ற பாய்மரக் கப்பலைப் பிளாஸ்டிக் பையில் போட்டு விற்றது. அப்புறம் விமானம், டாங்கி என்று பிடித்துக்கொண்டது. ஜப்பானில் ஷிசுவோகா நகரத்து டமியா, மரவியாபாரத்தில் ஆரம்பித்து 1960-இல் யமாட்டோ போர்க்கப்பலோடு பிளாஸ்டிக்குக்கு வந்தது. அடுத்த வருஷம் ஒரு ஜெர்மன் டாங்கி. உள்ளே பாட்டரியும் மோட்டாரும் வைக்க இடம் வேண்டும். அளந்து பார்த்தால் 1:35 வந்தது. பாட்டரிக்காக வந்த அந்தக் கணக்குதான் இன்று உலகம் முழுக்க டாங்கி மாடல்களுக்கு அளவுகோல்! இதைச் சொன்னபோது அப்பா முதல் முறையாக சுவாரஸ்யம் காட்டினார். "எல்லாக் கம்பெனியிலயும் ரூல்ஸ் இப்படித்தாண்டா வருது" என்றார்.

*

கோபாலபுரம் என்றால் உங்களுக்கு ஒரு வீடு நினைவுக்கு வரும். அந்த வீடு இல்லை எங்களுடையது. கிரிக்கெட் மைதானத்துக் கூச்சல் கேட்கிற தூரத்தில், இரண்டாம் மாடியில், மேற்கு வெயில் அடிக்கும் ஒரு ஃபிளாட். மே மாதம். மாடல் வேலையின் முதல் விதி என்ன தெரியுமா? ஃபேனை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் நங்கூரம் பறந்து சாம்பாரில் விழும்.

"ஏங்க, கத்திரி வெயில்ல ஃபேனை நிறுத்திட்டு ரெண்டு பேரும் பொம்மை பண்றீங்களா?" என்றாள் என் மனைவி. அவளுக்குப் பதில் சொல்கிற தைரியம் எம்டனுக்கும் இல்லை.

வேலை எப்படி? சட்டங்களை முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும், அச்சில் ஒட்டாமல் இருக்கப் பூசிய எண்ணெய்ப் பசை போக. பிறகு துண்டுகளை நிப்பரால் வெட்டி, பிசிறை அரத்தால் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, ஒட்டாமல் ஒரு முறை பொருத்திப் பார்த்து, அதற்கப்புறம்தான் ஒட்டுவது. இதற்கான பசை ஃபெவிகால் மாதிரி நடுவில் உட்கார்ந்து பிடித்துக்கொள்வதில்லை. பிளாஸ்டிக்கின் மேற்பரப்பையே கரைத்து இரண்டையும் ஒன்றாக்கிவிடும். வெல்டிங் மாதிரி. தப்பாக ஒட்டினால் ஆயுசுக்கும் தப்புதான்.

நான் கப்பலின் உடம்பை ஒட்டினேன். பத்து பீரங்கிகளை அப்பாவிடம் கொடுத்தேன். ஒவ்வொரு குழாயும் ஒன்றேகால் சென்டிமீட்டர் கூட இல்லை. அச்சடித்த எட்டு போட்ட கை, இதெல்லாம் அவருக்கு ஜுஜுபி என்று நினைத்தேன்.

டிவீஸரில் முதல் பீரங்கியை எடுத்தார். கப்பலுக்குப் பக்கத்தில் கொண்டு போனார். கை ஆடியது. லேசாக இல்லை, நன்றாகவே. பீரங்கி கீழே விழுந்தது. மறுபடி எடுத்தார், மறுபடி ஆட்டம். மூன்றாவது தடவை டிவீஸரை மேஜையில் வைத்துவிட்டு, "வெளிச்சம் பத்தலை" என்றார்.

பகல் பன்னிரண்டு மணி சார். மேற்கு ஜன்னல், கிழக்கு ஜன்னல், தலைக்கு மேல் டியூப் லைட்.

எனக்கு அப்போதுதான் ஒவ்வொன்றாகக் கணக்குச் சேர்ந்தது. ஆறு மாதமாக பாங்க் ஃபாரங்களை என்னையே எழுதச் சொல்கிறார். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று ஒரு செக் திரும்பி வந்தபோது "பேனா சரியில்லை" என்றார். காபியை அரை டம்ளர்தான் ஊற்றச் சொல்கிறார். சர்க்கரையைக் குறைக்கிறார் என்று நாங்கள் மெச்சிக்கொண்டிருந்தோம்!

"எத்தனை நாளாப்பா?"

"எது?"

நான் பதில் சொல்லவில்லை. கீழே விழுந்த பீரங்கியைத் தேடுகிற சாக்கில் இரண்டு பேரும் மேஜைக்கு அடியில் குனிந்தோம். அங்கே வைத்துத்தான் சொன்னார். "ஒரு வருஷம் இருக்கும். எங்க பெரியப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. கடைசியில ஸ்பூன்ல ஊட்டினாங்க. அதான்... சொல்லலை."

*

நரம்பு டாக்டர் சின்ன வயசுக்காரர். ஒரு பேப்பரைக் கொடுத்து, நடுவிலிருந்து வெளியே போகிற மாதிரி ஒரு சுருள் வரையச் சொன்னார். அப்பா வரைந்தது தீபாவளிக்கு எங்கள் வீட்டில் பிழிகிற முள்ளு முறுக்கு. பிறகு கையை மடியில் சும்மா வைக்கச் சொன்னார். ஆடவில்லை. தண்ணீர் டம்ளரைத் தூக்கச் சொன்னார். ஆடியது.

"பார்க்கின்சன்ல பெரும்பாலும் கை சும்மா இருக்கும்போதுதான் நடுக்கம் அதிகம் சார். உங்களுக்கு வேலை செய்யும்போதுதான் வருது. நடை, தசை எல்லாம் பார்த்துட்டேன், நல்லா இருக்கு. இது வேற. குடும்பத்துல வர்றது சகஜம். உயிருக்கு ஒண்ணும் இல்லை, மாத்திரையில கொஞ்சம் குறையும்" என்றார்.

அப்பா மூச்சு விட்டது ராயப்பேட்டை வரை கேட்டிருக்கும். 'குடும்பத்துல' என்ற வார்த்தை காதில் விழுந்ததும் நான் என் கையைப் பார்த்துக்கொண்டேன். இப்போதைக்கு நிற்கிறது.

"அந்தக் கப்பல் வேலையை விட்டுடட்டுமா டாக்டர்?"

"ஏன் சார் விடணும்? கையை அந்தரத்துல வைக்காதீங்க, முட்டுக் கொடுங்க."

முட்டுக் கொடுத்தோம். முழங்கை மேஜையில், இரண்டு உள்ளங்கைகளின் அடிப்பாகமும் ஒன்றோடொன்று ஒட்டி, மூச்சை விட்ட பிறகு வேலை. கை திடமாக உள்ளவர்களும் நுணுக்க வேலைக்கு இப்படித்தான் பிடிக்கிறார்கள். பத்தில் நாலு பீரங்கிகள் அப்பா ஒட்டியவை. ஒன்று கொஞ்சம் வானத்தைப் பார்க்கிறது. விமானம் சுட என்று சொல்லிக்கொள்கிறோம்.

*

பெயிண்ட் அடிக்கும் நேரத்தில் தகராறு. அமைதிக் காலத்தில் எம்டன் வெள்ளை. கீழ்த்திசை அன்னம் என்று செல்லப் பெயர் வாங்கிய கப்பல். நான் வெள்ளை அடிக்கலாம், அழகாக இருக்கும் என்றேன். அப்பா மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"இது என்ன தேதியில நிக்குது?"

"என்னப்பா?"

"தேதி போடாத வவுச்சர் செல்லாது. கப்பலுக்குத் தேதி சொல்லு, அப்புறம் கலர் சொல்றேன்."

இருபது வருஷமாக மாடல் செய்கிறவர்கள் சொல்கிற பாடத்தை மனிதர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். விமானமோ டாங்கியோ, மாடல் என்பது 'பொதுவாக ஒரு கப்பல்' இல்லை. ஒரு குறிப்பிட்ட நாளில் இருந்த அந்தக் கப்பல்.

எங்கள் தேதி 22-9-1914. அன்று இரவு ஒன்பதரை மணி சுமாருக்கு, காப்டன் கார்ல் ஃபான் முல்லரின் எம்டன் மெட்ராஸ் துறைமுகத்துக்கு எதிரே வந்து, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டாங்குகள் மேல் சுட்டது. சுமார் 130 குண்டுகள். டாங்குகள் எரிந்தன, சில உயிர்களும் போயின. கரையிலிருந்து பதிலுக்குச் சுட்டதில் கப்பலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அரை மணிக்குள் இருட்டில் மறைந்துவிட்டது. அடுத்த நாட்களில் ஆயிரக்கணக்கானோர் ஊரைக் காலி செய்தார்கள். போர் தொடங்கியதும் எம்டனுக்குச் சாம்பல் நிறம் அடித்துவிட்டார்கள். ஆகவே சாம்பல்தான், அதன் மேல் நிலக்கரிப் புகைக் கறை.

அடுத்து புகைபோக்கி. எம்டனுக்கு மூன்றுதான். ஆங்கிலேயக் கப்பல் என்று ஏமாற்ற, துணியால் நாலாவது ஒன்று செய்து நிறுத்துவார்கள். 28-10-1914 அன்று பினாங்கில் அந்த வேஷத்தில் நுழைந்துதான் ரஷ்யக் கப்பல் ஒன்றை மூழ்கடித்தது.

"விண்டோ டிரெஸ்ஸிங்!" என்றார் அப்பா சந்தோஷமாக. "ஆடிட்டர் வர்ற அன்னிக்கு மட்டும் ஸ்டாக்கைக் கூட்டிக் காட்டறது. நம்ம கப்பலுக்கு வேண்டாம். மூணு போதும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பஸ் பிடித்து பாரிமுனை போய், ஹைகோர்ட் காம்பவுண்டுச் சுவரில் இருக்கும் எம்டன் நினைவுக் கல்லைப் பார்த்தோம். எதிரே பஸ், ஆட்டோ, ஹாரன். கப்பலின் மிச்சக் கதையை அங்கே நின்று சொன்னேன். 9-11-1914-இல் கோகோஸ் தீவுகளுக்கருகே ஆஸ்திரேலியாவின் 'சிட்னி' அதை அடித்து நொறுக்கியது. முல்லர் கப்பலைப் பவளப் பாறையில் ஏற்றி நிறுத்தினார். ஜெர்மனியில் அதன் மாலுமிகளின் குடும்பங்கள் தங்கள் பெயரோடு 'எம்டன்' என்று சேர்த்துக்கொள்ள அனுமதி பெற்றன.

"நமக்கு யாரும் அனுமதி கொடுக்கலை. நாமளே வெச்சுக்கிட்டோம்" என்றார் அப்பா.

*

கடைசி வேலை, கொடிமரக் கயிறுகள். துண்டுகள் வெட்டி எடுத்த வெறும் சட்டத்தை மெழுகுவர்த்தியின் மேல் காட்டி, இளகியதும் இரண்டு பக்கமும் இழுத்தால் தலைமுடி மாதிரி நூல் வரும். ஒருவர் இழுக்க, ஒருவர் ஒட்டினோம். நூல் இழுப்பதில் அப்பா எக்ஸ்பர்ட் ஆகிவிட்டார். நடுக்கத்திலும் ஒரே சீராக இழுக்கத் தெரிந்துகொண்டார்.

கப்பலை ஒரு தேக்குப் பலகையில் நிறுத்தினோம். பலகையின் அடியில் பேர் எழுதலாம் என்று மார்க்கர் பேனாவை நீட்டினேன். "நீயே எழுது" என்றார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். சற்று நேரம் பார்த்தார். உள்ளங்கைகளை ஒட்ட வைத்து, மூச்சை விட்டு, முழுக் கையெழுத்தையும் போட்டார். கீழே தேதி.

கோணல்தான். பாங்க்கில் நிச்சயம் திரும்பி வரும். நாங்கள் அதை அப்படியே வைத்துக்கொண்டோம்.

"முடிஞ்சுதா?" சமையலறையிலிருந்து குரல்.

"முடிஞ்சுதும்மா!" என்றார் எம்டன்.

"அப்ப ஃபேனைப் போடலாமா?"