காதல் கதைக்குள் ஓர் உயில்

ஜேன் ஆஸ்டினின் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' 1811-இல் வெளிவந்தது. இருநூறு ஆண்டுகளாகக் காதல் நாவலாகவே விற்கிறது. ஆனால் அதன் முதல் இரண்டு அத்தியாயங்களில் காதல் இல்லை, சொத்துக் கணக்குதான். நார்லண்ட் பண்ணை முதல் தாரத்து மகனுக்குப் போய்விட, விதவைத் தாய்க்கும் மூன்று மகள்களுக்கும் மிஞ்சுவது 10,000 பவுண்டு. வட்டி ஆண்டுக்கு 500. தங்கைகளுக்கு 3,000 பவுண்டு தர நினைக்கும் அண்ணன், மனைவி பேசப் பேசத் தொகையைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் ஒன்றும் தர வேண்டாம் என்று நிம்மதியடைகிறான். பாகப்பிரிவினை நடந்த எந்த வீட்டுத் திண்ணையிலும் கேட்டிருக்கக்கூடிய பேச்சுதான்.

ராஜீவ் மேனன் 2000-இல் இந்த நாவலைத் தழுவி 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' எடுத்தபோது, பண்ணை செட்டிநாட்டு வீடாயிற்று. படுக்கையில் கிடந்த தாத்தாவைப் பார்த்துக்கொண்டவள் மகள். உயில்படி வீடு போனது மகனுக்கு. ரகுமானின் பாடல்களுக்காகவே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பவர்கள் அந்த உயிலைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இரு பெண்களின் மனப்போக்கே ஆஸ்டினின் உண்மையான அக்கறை என்போர் உண்டு. இருக்கட்டும். நாவலில் அறிவுக்கு முதலிடம் தரும் மூத்த மகள் எலினார்கூட, மாப்பிள்ளையின் தாய் 10,000 பவுண்டு தர இசைந்த பிறகே மணமேடை ஏறுகிறாள்.

நம் நாட்டில், பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்ற இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் தமிழ்நாட்டில் 1989-இலும் கர்நாடகத்தில் 1994-இலும் வந்தது. அவ்விரண்டிலும் ஏற்கெனவே மணமானவர்களுக்கு இடமில்லை. 2005-இல் நாடு முழுவதற்கும் வந்த திருத்தம்தான் அந்தத் தடையை நீக்கியது. ஆனாலும் படத்தின் கதை இன்றும் பொருந்தும். தானே சம்பாதித்த சொத்தை ஒருவர் விரும்பியவருக்கு உயில் எழுதலாம்.

உயில் இல்லாத குடும்பங்களில் மகளை ஒதுக்கும் வேலையைச் செய்வது, தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக அவளே எழுதித்தரும் விடுதலைப் பத்திரம். கிராமமாக இருந்து பெங்களூருவுக்குள் அடங்கிவிட்ட ஈஜிபுரா போன்ற பகுதிகளில், சின்ன மனையிலும் மாடிமேல் மாடி கட்டி வாடகைக்கும் லீஸுக்கும் விடுகிறார்கள். அங்கே ஒரு பங்கு என்பது மாதாமாதம் கைக்கு வரும் வருமானம். கல்யாணத்துக்குத்தான் நகையும் சீரும் செய்தாயிற்றே என்ற பேச்சோடு மகளைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போய்க் கையெழுத்து வாங்குவது புதிதல்ல. தாய்வீட்டு வாசல் அடைபட்டுவிடக் கூடாதே என்ற பயத்தில் படித்த பெண்களும் கையெழுத்துப் போட்டுக்கொடுக்கிறார்கள். பதிவான பத்திரத்தை ரத்து செய்ய, ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கியது என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். அந்த வழக்கையும் விஷயம் தெரியவந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் போட்டாக வேண்டும்.