திசுத் துண்டு சொன்னதும் சொல்லாததும்

ஜெர்மனிய வரலாற்றில் 1888 ஆம் ஆண்டு "மூன்று பேரரசர்களின் ஆண்டு" என்று அழைக்கப்படுகிறது. மார்ச் 9 ஆம் தேதி முதலாம் வில்ஹெல்ம் காலமானதை அடுத்து அரியணை ஏறிய மூன்றாம் ஃபிரெடரிக், 99 நாட்களே ஆட்சி செய்து, ஜூன் 15 ஆம் தேதி குரல்வளைப் புற்றுநோயால் உயிரிழந்தார். தாராளவாதியாகக் கருதப்பட்ட அவர் நீண்டகாலம் ஆண்டிருந்தால், அவரது மகன் இரண்டாம் வில்ஹெல்மின் ஆட்சியில் மூண்ட முதலாம் உலகப் போர் தவிர்க்கப்பட்டிருக்குமா என்பது இன்றும் விவாதிக்கப்படும் கேள்வி. அந்தக் கேள்வியின் பின்னணியில் இருப்பது, நுண்ணோக்கியின் கீழ் ஆராயப்பட்ட சிறிய திசுத் துண்டு ஒன்று.

1887 மே மாதத்தில், அப்போது பட்டத்து இளவரசராக இருந்த ஃபிரெடரிக்கின் குரல் நாணில் காணப்பட்ட வளர்ச்சி புற்றுநோயே என்று கருதிய ஜெர்மனிய மருத்துவர்கள், அறுவைச் சிகிச்சைக்கு ஆயத்தமாயினர். ஆனால் பிரிட்டனிலிருந்து வரவழைக்கப்பட்ட மருத்துவர் மொரெல் மெக்கன்சி, முதலில் திசுவைப் பரிசோதிக்க வேண்டும் என்றார். அவர் எடுத்த திசு, பெர்லினில் ருடோல்ஃப் ஃபிர்ஹோவிடம் கொடுக்கப்பட்டது. நோயின் இருப்பிடம் உயிரணுவே என்று 1858 இல் வெளியான தமது நூலில் வலியுறுத்தியவர் அவர். அதில் புற்றுநோய்க்கான அடையாளம் எதையும் அவர் காணவில்லை. அறுவைச் சிகிச்சை கைவிடப்பட்டது.

நுண்ணோக்கியில் தேடப்படுவது ஓர் ஒழுங்கு. குரல் நாணின் மேல்தோலில் அடியிலுள்ள உயிரணுக்கள் சிறியனவாக நெருங்கி நிற்கும். மேலே வர வர அவை தட்டையாகும். புற்றுநோயில் இவ்வொழுங்கு குலைகிறது. உட்கருக்கள் பெருத்துக் கருமையாகி, ஒன்றுக்கொன்று வேறுபட்ட வடிவம் கொள்கின்றன. எனினும் தீர்க்கமான அடையாளம், அவ்வுயிரணுக்கள் அடிச்சவ்வைத் துளைத்துக் கீழுள்ள திசுவில் ஊடுருவுவதாகும். மேற்பரப்பிலிருந்து மட்டும் எடுக்கப்படும் துண்டில் இந்த ஊடுருவல் தெரியாமல் போகக்கூடும்.

தமது முடிவு அனுப்பப்பட்ட திசுவுக்கே பொருந்தும், முழு நோய்க்கும் அது பொருந்துமா என்று கூற இயலாது என்று ஃபிர்ஹோவும் எச்சரித்திருந்தார். அந்த எச்சரிக்கையைவிட அவரது புகழே அதிகம் எடுபட்டது. 1887 நவம்பரில் புற்றுநோய் ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தது. மரணத்துக்குப் பின் நடந்த பிரேதப் பரிசோதனையும் அதை உறுதிசெய்தது.

அன்றைய அறுவைச் சிகிச்சையே ஃபிரெடரிக்கின் உயிரைப் பறித்திருக்கக்கூடும் என்பதும் உண்மை. ஆயினும், சந்தேகம் நீடித்தால் ஆழமாகவும் பல இடங்களிலிருந்தும் மீண்டும் திசு எடுக்க வேண்டும் என்பது இன்று மருத்துவ நடைமுறை. படங்களைக் கணினி ஆராயும் காலத்திலும், எடுக்கப்படாத திசுவைப் பற்றி நுண்ணோக்கி எதுவும் சொல்வதில்லை.