வைக்கோற் பெட்டியில் வேகும் பயற்றுச் சூப்

பெரும்போக காலத்திலே கமக்காரக் குடும்பத்தின் பொழுது வயலிலும் தோட்டத்திலுமே கழிகின்றது. நண்பகலிற் களைத்து வீடு திரும்பிய பின்னரே அடுப்பு மூட்டப்படுமாயின், நேரம் போதாமையாற் சோறும் ஒரு சம்பலுமே உணவாகின்றன. சாக்கிலே கௌபியும் பயறும் இருந்தும், அவை வேக நெடுநேரம் பிடிக்கும் என்பதனால் தொடப்படாமற் கிடப்பதுண்டு. காலையில் அரை மணி நேரம் கொதிக்கவைத்த பானை, வீட்டார் வயலில் நிற்கும்போது தானாகவே வெந்து முடியுமாயின் இக்குறை நீங்கிவிடும்.

இம்முறை புதியதன்று. கிழக்கு ஐரோப்பிய யூத மக்கள் தங்கள் ஓய்வு நாளாகிய சனிக்கிழமையில் அடுப்பு மூட்டுவதில்லை. ஆகவே வெள்ளிக்கிழமை பொழுது சாயுமுன் போஞ்சி விதை, பார்லி, இறைச்சி, மா அடைத்த குடல் ஆகியவற்றை ஒரே பானையில் இட்டு, வெதுப்பகத்தின் போறணையில் வைத்து மறுநாள் உண்டனர். ‘சோலன்ட்’ எனப்படும் இவ்வுணவைப் பற்றித் தம் தாயார் கூறக் கேட்ட அமெரிக்கரான இர்விங் நாக்சன், அவ்வாறு சமைக்கும் மின்பானை ஒன்றை அமைத்து 1940இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இன்று கடைகளில் விற்கப்படும் ‘ஸ்லோ குக்கர்’ அதன் வழி வந்ததே. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே பிரித்தானிய இல்லங்களில், எரிபொருளைச் சேமிக்கும் பொருட்டு, உலர்ந்த புல் அடைத்த பெட்டிகள் இதே வேலைக்குப் பயன்பட்டன. நெல் விளைவிப்போர் வீட்டில் வைக்கோலுக்குக் குறைவில்லை. 2022ஆம் ஆண்டிலே சமையல் வாயுத் தட்டுப்பாடும் நீண்ட மின்வெட்டும் இந்நாட்டை வருத்தியதை நினைப்போர், இப்பெட்டியின் அருமையை எளிதில் உணர்வர்.

பயறும் அரிசியும் சேர வேண்டிய காரணம்

அரிசியிலுள்ள புரதத்தில் லைசின் என்னும் கூறு குறைவு. பயறு, கௌபி ஆகியவற்றில் அது மிகுதி. பயற்றினங்களிற் குறைந்துள்ள மெதியோனின் என்னும் கூறு அரிசியில் உண்டு. ஆகவே இரண்டும் சேருமிடத்து ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகின்றது. சொசேஜ் சுவைக்காகவும் மேலதிகப் புரதத்திற்காகவுமே சேர்க்கப்படுகின்றது. அதில் உப்பும் கொழுப்பும் மிகுதியாதலாற் சிறிதளவு போதும். இறைச்சி உண்ணாதோர் அதனை விட்டுவிடலாம்.

பெட்டி அமைத்தல்

பலகைப் பெட்டி அல்லது பெரிய கடகம் ஒன்று போதும். நன்றாக வெயிலிற் காய்ந்த, பூஞ்சணம் பற்றாத வைக்கோலை அடியிலும் பக்கங்களிலும் 10 சென்ரிமீற்றர் தடிப்புக்குக் குறையாமல் இறுக அடைத்து, நடுவிற் பானை பொருந்துமளவு குழி விடவேண்டும். மேலே மூடுவதற்குச் சுத்தமான துணிப்பையில் வைக்கோல் நிரப்பிய தலையணை ஒன்று தேவை. பசளை அல்லது கிருமிநாசினி வந்த பைகளை ஒருபோதும் இதற்குப் பயன்படுத்தலாகாது.

ஆறு பேருக்கு வேண்டியவை

கௌபி 200 கிராம், பயறு 100 கிராம், குத்தரிசி 100 கிராம், சொசேஜ் 200 கிராம், பூசணி, கரட் சேர்ந்து 400 கிராம், வெண்காயம் 100 கிராம், உள்ளி ஆறு பல்லு, இஞ்சி ஒரு துண்டு, இடித்த மிளகும் சீரகமும் ஒவ்வொரு தேக்கரண்டி, முருங்கையிலை ஒரு பிடி, தேசிக்காய் ஒன்று, நீர் இரண்டரை லீற்றர்.

செய்முறை

முதல் நாள் இரவே கௌபியைக் கழுவி ஊறவைக்க வேண்டும். காலையில் ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீருடன் அடுப்பில் ஏற்றி, 20 நிமிடம் தளதளவெனக் கொதிக்க விடுக. சொசேஜை வட்டமாக வெட்டி, வெண்காயம், உள்ளி, இஞ்சி ஆகியவற்றுடன் சட்டியில் வதக்குக. பச்சைச் சொசேஜாயின் உட்புறம் முழுவதும் வேகும்வரை வதக்குதல் அவசியம். பின் இவற்றையும் பயறு, அரிசி, மரக்கறி, மிளகு, சீரகம் என்பவற்றையும் பானையில் இட்டு மேலும் 10 நிமிடம் கொதிக்கவிட்டு, மூடியைத் திறவாமலே பெட்டிக்குள் இறக்கித் தலையணையால் மூடுக. பானையின் அடியில் தணற்பொறி ஒட்டியிருப்பின் வைக்கோல் தீப்பற்றும். ஆதலால் அடியைத் துடைத்த பின்பே இறக்க வேண்டும்.

நான்கு மணி நேரம் கழித்துப் பானையை எடுத்து, மீண்டும் நன்றாகக் கொதிக்கவைத்து, முருங்கையிலையைச் சேர்த்து ஐந்து நிமிடத்தில் இறக்குக. உப்பைச் சுவை பார்த்தே இடவேண்டும். தேசிக்காய்ப் புளியைக் கடைசியிற் பிழிக. புளிப்பு முன்னரே சேருமாயின் பயற்றினங்கள் மெதுமை அடைவதில்லை. மின்பானை உடையோரும் மேற்கூறியவாறு முதலில் அடுப்பிற் கொதிக்கவைத்துப் பின் அதில் இட்டு, குறைந்த சூட்டில் ஏழு, எட்டு மணி நேரம் விடலாம்.

கவனிக்க வேண்டியவை

கௌபிக்குப் பதிலாகச் சிவப்பு நிறப் பெரிய போஞ்சி விதையைச் சேர்ப்போர் மிகுந்த கவனங் கொள்ளுதல் வேண்டும். அவ்விதையிலுள்ள லெக்டின் என்னும் நச்சுப்பொருள் கடும் வாந்தியையும் வயிற்றோட்டத்தையும் உண்டாக்கும். மெல்லிய சூடு அதனை அழிப்பதில்லை. ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்நீரை அகற்றி, புதிய நீரில் 30 நிமிடம் நன்றாகக் கொதிக்கவைத்த பின்னரே பெட்டியிலோ மின்பானையிலோ இடவேண்டும்.

பானை முக்காற் பங்காவது நிரம்பியிருத்தல் நன்று. குறைந்த அளவு உணவு விரைவில் ஆறிவிடும். உணவின் சூடு 60 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கி நெடுநேரம் நிற்குமாயின் அதிற் கிருமிகள் பெருகும். ஆகையால் இரவு முழுவதும் பெட்டியில் விட்டுவைத்தலும், இடையிடையே திறந்து பார்த்தலும் தகா.

யாழ்ப்பாணக் குடாநாடு போன்ற சுண்ணக்கல் நிலத்துக் கிணற்று நீர் வன்னீராதலால் அங்கு பயற்றினங்கள் வேகத் தாமதமாகும்; மழைநீர் கிடைக்குமாயின் அதனைப் பயன்படுத்தலாம். அப்பச்சோடா விரைவில் வேகச்செய்யுமாயினும், தயமின் என்னும் உயிர்ச்சத்தை அழித்துவிடும். வெப்பமும் ஈரலிப்பும் உள்ள இடத்தில் நெடுநாட் கிடந்த விதையும் எளிதில் வேகாது. எனவே வீட்டுத் தேவைக்கான பயற்றை நன்றாகக் காயவைத்து, காற்றுப் புகாத கலத்தில் இட்டு, பழையதை முன்னும் புதியதைப் பின்னுமாகப் பயன்படுத்துதல் சிறந்தது.

நெல் அறுவடையின் பின் வயலில் எஞ்சிய ஈரத்தைக் கொண்டு பயிரிடும் பயறும் கௌபியும் மண்ணுக்கு நைதரசனைச் சேர்க்கின்றன. அவற்றில் ஒரு பங்கை விற்காமல் வீட்டுக்கென ஒதுக்குவோர், உழைத்துக் களைத்து வரும் தம் பிள்ளைகளுக்கும் பெரியோருக்கும் சூடான, நிறைவான உணவை நாள்தோறும் அளிக்க இயலும். பெட்டியின் வைக்கோல் ஈரம் பட்டவுடன் அதனைக் கூட்டெருக் குழியில் இட்டு, புதிய வைக்கோலை அடைத்துக்கொள்ளலாம்.