ஒரு ஆப்ஷன் சேர்க்கும்முன்

டீ வரட்டும் தம்பி, அதற்குள் ஆரம்பித்துவிடலாம். டெர்மினலில் ஓடும் கருவிக்கு ஒரு ஆப்ஷன் கூட்டுவது நாலு வரி கோடுதானே, அதற்கு எதற்கு இத்தனை யோசனை என்று கேட்டாய். நாலு வரிதான். ஆனால் அந்த நாலு வரியை நம்பி முகம் தெரியாத பலர் பல வருஷம் வேலை செய்வார்கள். யோசனையெல்லாம் அவர்களுக்காகத்தான்.

உதாரணத்துக்கு, டெபியன் லினக்ஸில் பிழைகளைப் பதிய உதவும் ‘ரிப்போர்ட்பக்’ என்று ஒரு கருவி உண்டு. கிறிஸ் லாரன்ஸ் பைத்தானில் எழுதத் தொடங்கியது. டெபியனின் பிழைப் பதிவேட்டை 1994-இல் இயன் ஜாக்சன் உருவாக்கினார். இன்றைக்கும் அதில் ஒரு பிழையைப் பதிய மின்னஞ்சல் அனுப்பினால் போதும். ஆனால் அந்த அஞ்சலில் எந்த பேக்கேஜ், எந்தப் பதிப்பு, எந்தக் கெர்னல், கூட என்னென்ன நிறுவியிருக்கிறது என்பதெல்லாம் இருக்க வேண்டும். மனிதர்கள் மறந்துபோகிற விஷயங்கள் இவை. ரிப்போர்ட்பக் தானே அவற்றைத் திரட்டிக்கொண்டு, மீதியை நம்மிடம் ஒவ்வொன்றாகக் கேட்கும்.

அப்படிக் கேட்கும் முன்பே பதிலைச் சொல்லிவிடுவதுதான் ஆப்ஷன். சின்ன ‘எஸ்’ போட்டால் தலைப்பு. பெரிய ‘எஸ்’ போட்டால் பிழை எவ்வளவு கடுமையானது என்ற தரம். அந்தத் தரம் ‘கிரிட்டிகல்’ தொடங்கி ‘விஷ்லிஸ்ட்’ வரை ஏழு படி.

இப்போது உத்திரமேரூரைத் தாண்டி ஏதோ ஒரு கிராமத்தில் சிக்னல் சரியாகக் கிடைக்காத வீட்டை நினைத்துக்கொள். ரிப்போர்ட்பக் வழக்கமாக இணையத்தில் இரண்டு விஷயம் பார்க்கும்: இந்த பேக்கேஜுக்குப் புதுப் பதிப்பு வந்திருக்கிறதா, இதே பிழையை முன்பே யாராவது சொல்லியிருக்கிறார்களா. இணையம் இல்லாத வீட்டில் இரண்டுமே நடக்காது. அதற்காகவே ‘ஆஃப்லைன்’ என்று ஒரு ஆப்ஷன் இருக்கிறது. இரண்டு தேடலையும் அது நிறுத்திவிடும். ‘அவுட்புட்’ என்ற இன்னொன்று, அஞ்சலை அனுப்பாமல் ஃபைலில் எழுதி வைக்கும். பென்டிரைவில் போட்டுக்கொண்டு சிக்னல் உள்ள இடத்துக்குப் போய் அனுப்பிக்கொள்ளலாம். பிழை நேர்ந்த கணினியின் விவரம் ஒன்றும் விட்டுப்போகாது.

ஆகவே முதல் கேள்வி இது: இந்த ஆப்ஷன் இல்லாவிட்டால் வேலையே நடக்காமல் நிற்பவர் யார்? அப்படி ஒருவரைச் சொல்ல முடியாவிட்டால் சேர்க்காதே. எல்லோருக்கும் ஒரே பதில்தான் பொருந்தும் என்றால் கருவியே அதைச் செய்துவிடட்டும்.

அடுத்தது பெயர். ஒற்றை எழுத்துகள் சீக்கிரம் தீர்ந்துபோகும். ரிப்போர்ட்பக்கில் சின்ன ‘டி’ ஒன்று, பெரிய ‘டி’ வேறு. சின்ன ‘பி’ ஒன்று, பெரிய ‘பி’ வேறு. அதனால் அடிக்கடி தேவைப்படாததற்கு நீளப் பெயர் மட்டும் வை. அதிலும் ஒரு கண்ணி உண்டு. இந்தக் கருவி பயன்படுத்தும் ‘ஆப்ட்பார்ஸ்’ என்ற பைத்தான் தொகுதி நீளப் பெயரின் முதல் சில எழுத்துகளை மட்டும் அடித்தாலும் புரிந்துகொள்ளும், வேறொன்றோடு குழம்பாத வரை. ‘செவரிட்டி’ என்பதை முதல் மூன்று எழுத்தோடு நிறுத்தி ஒருவர் ஸ்கிரிப்டில் எழுதி வைத்திருப்பார். அதே எழுத்துகளில் தொடங்கும் புதுப் பெயரை நீ சேர்த்த நாளில் அந்த ஸ்கிரிப்ட் நின்றுபோகும்.

மூன்றாவது, ஆப்ஷனைப் போடாதவருக்கு எதுவும் மாறக் கூடாது. நேற்று ஓடியது இன்றும் அப்படியே ஓட வேண்டும்.

நான்காவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஒரு விருப்பம் மூன்று இடத்திலிருந்து வரலாம்: கருவியின் இயல்பு, வீட்டு டைரக்டரியில் இருக்கும் அமைப்பு ஃபைல், இப்போது அடித்த கட்டளை. ஒவ்வொன்றும் தனக்கு முந்தையதை மீறும். அமைப்பு ஃபைலில் ஒன்றை நிரந்தரமாக இயக்கி வைத்தவர், இன்று ஒருநாள் மட்டும் வேண்டாம் என்றால் என்ன செய்வார்? அதற்காக அணைக்கும் ஆப்ஷனும் வேண்டும். புதுப் பதிப்பைத் தேடச் சொல்வதற்கு ஒன்று, தேடாதே என்பதற்கு ஒன்று என்று ரிப்போர்ட்பக்கில் ஜோடியாக இருப்பது இதனால்தான்.

கடைசியாக, எழுதி வை. நம் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பார்த்திருப்பாய். பராந்தக சோழன் காலத்துக் குடவோலைத் தேர்தல் விதிகளை 919-இல் வெட்டினார்கள். இரண்டே வருஷத்தில், 921-இல், வயது வரம்பையும் தகுதிகளையும் திருத்தி மறுபடி வெட்டினார்கள். இரண்டும் இன்றும் இருப்பதால்தான் எது மாறியது என்று நம்மால் சொல்ல முடிகிறது. மேனுவல் பக்கமும் மாற்றக் குறிப்பும் அந்த வேலையைத்தான் செய்கின்றன. அவற்றில் ஏறாத ஆப்ஷன் எழுதியவனுக்கு மட்டுமே தெரிந்த ரகசியமாகிவிடும்.

எங்கே தொடங்குவது என்கிறாயா? ரிப்போர்ட்பக்கையே திற. பேக்கேஜ் பெயர் கேட்கும்போது ‘ரிப்போர்ட்பக்’ என்றே சொல். தரம் ‘விஷ்லிஸ்ட்’ என்று வை. யாருக்கு, எந்த நிலைமையில் இந்த ஆப்ஷன் வேண்டும் என்பதை முதல் பத்தியில் எழுது. கோடு தயாராக இருந்தால் இணைத்து, ‘பேட்ச்’ என்ற குறிச்சொல்லைப் போடு. அந்த முதல் பத்தியை உன்னால் தெளிவாக எழுத முடிந்தால், நாலு வரி கோடு எழுதுவது பெரிய வேலையே இல்லை.