கண்ணகி நகர் சுவரில் சிரிக்கும் குழந்தைகள்: குடியிருப்பில் படம் வரையும் முன் மக்களிடம் கேட்பது ஏன்?

பொம்மிடி:

பொம்மிடியில் ரெயில் ஏறி சென்னைக்கு கட்டிட வேலை, ஓட்டல் வேலைக்குப் போனவர்களில் சிலர் துரைப்பாக்கம் பக்கம் உள்ள கண்ணகி நகரை பார்த்திருக்கலாம். அங்கே அரசு அடுக்குமாடி வீட்டின் பக்கச்சுவர் முழுக்க, தரையில் இருந்து மொட்டை மாடி வரைக்கும், குழந்தைகள் சிரிக்கிற படம். நடிகர் இல்லை, தலைவர் இல்லை. அந்த ஏரியா பிள்ளைகள்தான்.

இப்போது பல ஊர்களில் அரசு குடியிருப்பு, பள்ளிக்கூடம், மேம்பாலம் என்று சுவர் கிடைத்த இடமெல்லாம் ஓவியம் வரைகிறார்கள். சில படங்கள் வருடக்கணக்கில் நிற்கின்றன. சில படங்கள் மீது மறுவாரமே போஸ்டர் ஒட்டப்படுகிறது. ஏன் இந்த வித்தியாசம்? பெயிண்ட் தரம் ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. அந்தச் சுவருக்குப் பின்னால் குடியிருப்பவரிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்பதுதான் அது.

முகவரி சொன்னால் வேலை இல்லை

கண்ணகி நகர் 2000-ம் ஆண்டு வாக்கில் உருவானது. கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் கரைகளில் குடிசை போட்டிருந்த குடும்பங்களை அப்போதைய குடிசை மாற்று வாரியம் அங்கே கொண்டுபோய் குடிவைத்தது. 2004 சுனாமியில் வீடு இழந்தவர்களும் பின்னர் வந்து சேர்ந்தனர். (இந்த வாரியத்துக்கு 2021-ல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றப்பட்டது.) வேலை ஒரு பக்கம், வீடு இன்னொரு பக்கம் என்று ஆனது. அந்த இடமாற்றத்தில் அந்த மக்களின் விருப்பத்தை கேட்டது மிகக் குறைவு.

அதைவிட கொடுமை பெயர் கெட்டதுதான். எங்கோ நாலு பேர் செய்த தப்புக்கு ஊரே பழி சுமந்தது. கண்ணகி நகர் என்று முகவரி எழுதினால் வேலை கிடைக்காது என்று வேறு முகவரி கொடுத்த இளைஞர்கள் உண்டு.

2020-ம் ஆண்டு தொடக்கத்தில் ஸ்டார்ட் இந்தியா பவுண்டேஷன் என்ற அமைப்பு, ஏசியன் பெயிண்ட்ஸ் நிறுவனத்தோடும் சென்னை மாநகராட்சியோடும் சேர்ந்து அங்கே சுவர் ஓவியத் திட்டத்தை தொடங்கியது. டெல்லி லோதி காலனி அரசு ஊழியர் குடியிருப்பில் ஏற்கனவே வரைந்தவர்கள் இவர்கள். ஏ-கில் என்ற ஓவியர் கண்ணகி நகர் மக்களின் முகத்தையே சுவரில் ஏற்றினார். பேர் சொல்லவே கூச்சப்பட்ட இடத்துக்கு கேமராவை தூக்கிக்கொண்டு வெளியாட்கள் வந்தார்கள்.

பெயிண்ட் அடிச்சா தண்ணி வருமா?

இந்தக் கேள்வி எழாமல் இருக்குமா? வீடு சின்னது, குழாய் தகராறு, கழிவுநீர் அடைப்பு என்று ஆயிரம் பாடு இருக்கும்போது வெளிச்சுவருக்கு மட்டும் கலர் எதற்கு என்று கேட்பது நியாயமான கேள்விதான். ஓவியம் இதில் ஒன்றையும் தீர்க்காது. தீர்க்கும் என்று சொல்லி வருகிறவரை நம்ப வேண்டாம். ஆனால் படம் வரைவதற்காக மக்களை கூட்டி உட்கார வைத்தால் பேச்சு தானாக குழாய்க்கும் சாக்கடைக்கும் போகும். அந்த இடத்தில் அதிகாரியும் உட்கார்ந்திருந்தால் அதுவே லாபம்.

கேட்காமல் வரைந்தால் என்ன ஆகும் என்பதற்கு தென்கொரியா சாட்சி. தலைநகர் சியோலில் இவா என்ற மலைச்சரிவு குடியிருப்பில் 2006-ல் அரசு ஏற்பாட்டில் ஓவியர்கள் வந்து சுவர், படிக்கட்டு எல்லாம் வரைந்தார்கள். படம் பிரபலமானது. செல்பி எடுக்க கூட்டம் குவிந்தது. ராத்திரி பகல் இல்லாமல் சத்தம், வாசலில் குப்பை. பொறுக்க முடியாத குடியிருப்புவாசிகள் சிலர் 2016-ல் பூவும் மீனும் வரைந்த படிக்கட்டுகளை சாயம் பூசி அழித்தே விட்டனர். படம் அழகாகத்தான் இருந்தது!

துணியில் வரைந்து ஒட்டுகிறார்கள்

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரம் வேறு வழியில் போனது. 1984-ல் சுவரில் கிறுக்கித் திரிந்த இளைஞர்களை அழைத்து ஓவியம் வரைய வைத்தார்கள். இன்று அந்த நகரத் திட்டத்தில் 4 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுவர் ஓவியங்கள் வரையப்பட்டுள்ளன. அங்கே ஒரு சூட்சுமம் உண்டு. படத்தை கட்டம் கட்டமாகப் பிரித்து பாராசூட் துணி போன்ற மெல்லிய துணியில் கோடு போட்டு, எந்த இடத்தில் என்ன கலர் என்று நம்பர் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். சாரம் ஏற முடியாத பாட்டியும் பள்ளிக்கூடப் பிள்ளையும் கீழே உட்கார்ந்தபடியே கலர் அடிப்பார்கள். பிறகு துணியை பசை தடவி சுவரில் ஒட்டிவிடுவார்கள். தன் கை பட்ட சுவரில் யார் போஸ்டர் ஒட்ட விடுவார்?

நம்ம ஊரில் கேட்பது எப்படி?

காலை 11 மணிக்கு கூட்டம் போட்டால் கூலி வேலைக்குப் போனவர் வர முடியாது. வேலை முடிந்து வரும் சாயங்காலம், ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர் பிடிக்கிற நேரம், இப்படித்தான் ஆள் கிடைக்கும். என்ன வரையலாம் என்று கேட்பதற்கு முன் என்ன வரையக்கூடாது என்று கேட்பது நல்லது. நம்ம பக்கத்தில் சில கலருக்கு கட்சி உண்டு, சில கலருக்கு சாதியும் உண்டு. வெளியூர் ஓவியருக்கு அது தெரியாது. வரைந்த பிறகு தெரிந்தால் சண்டைதான். தெருக்கூத்து வேஷம், சேர்வராயன் மலை, நடுகல், மாங்காய் மண்டி என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். மாதிரிப் படத்தை ஒரு வாரம் கீழே தொங்கவிட்டால் குறை சொல்பவர் சொல்லிவிடுவார். மாற்றிக்கொள்ளலாம்.

சுவர் சங்கதியும் உண்டு. கழிவறைக் குழாய் கசிகிற சுவரில் எந்த பெயிண்டும் உரிந்துவிடும். முதலில் கசிவை அடைக்க வேண்டும். கட்டிடத்தில் கசிவு எங்கே என்று குடியிருப்பவருக்குத்தான் தெரியும். கீழே ஆறடிக்கு சைக்கிள் சாய்ப்பார்கள், பிள்ளைகள் பந்து அடிப்பார்கள். அந்த அளவுக்கு அழுத்தமான ஒரே கலர் போதும், முகம் மேலே இருக்கட்டும்.

பொதுச்சுவரில் இஷ்டத்துக்கு எழுத, வரைய முடியாது. அதற்கென 1959-ம் ஆண்டு சட்டம் இருக்கிறது. வாரிய வீடு என்றால் வாரியத்தின் அனுமதி தேவை, பேரூராட்சி கட்டிடம் என்றால் செயல் அலுவலரிடம் மனு கொடுக்க வேண்டும். நகர்ப்புற உள்ளாட்சிகளில் 2022 முதல் பகுதி சபா கூட்டங்கள் நடத்த வழி உள்ளது. பொ.மல்லாபுரம் பேரூராட்சி மக்கள் அங்கே சுவர் படத்தையும் பேசலாம், அதே மூச்சில் சாக்கடையையும் பேசலாம்.