வீட்டில் ஆமை வளர்க்கலாமா?

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்பது பழமொழி. பாட்டிமார் இன்றும் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் கேட்டால்தானே!

வண்ண மீன் விற்கும் கடைக்குப் போகிறார்கள். அங்கே கண்ணாடித் தொட்டிக்குள் பச்சைப் பசேல் என்று ஆமைக் குஞ்சுகள் நீந்துகின்றன. கண்ணுக்குப் பின்னால், குங்குமத்தை இழுத்து விட்டது போல ஒரு சிவப்புக் கோடு. "அப்பா, எனக்கு அது வேணும்!" என்று பையன் அடம் பிடிக்கிறான். அப்பாவின் கை சட்டைப் பைக்குள் போகிறது.

கொஞ்சம் பொறுங்கள்! பணத்தை எடுப்பதற்கு முன், அந்த ஆமையைப் பற்றிச் சில விஷயங்களைத் தெரிந்து கொள்ளுங்கள்.

அது நம் நாட்டு ஆமை அல்ல. அமெரிக்காவில் மிசிசிப்பி ஆறு பாயும் பகுதிதான் அதன் சொந்த ஊர். "சிவப்புக் காது ஆமை" என்று அதைச் சொல்வார்கள். (அது காது அல்ல. தோலின் நிறம்தான் அப்படி!) அங்கே பண்ணைகளில் குஞ்சு பொரிக்கச் செய்து, பல நாடுகளுக்கும் அனுப்பி வந்தார்கள்.

நம் நாட்டு ஆமையையே வளர்த்தால் என்ன என்று கேட்கலாம். கூடாது! நட்சத்திர ஆமை, குளத்திலும் வயலிலும் திரியும் ஆமை ஆகியவற்றை 1972-ம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. பிடித்தாலும் குற்றம். விற்றாலும் குற்றம். வீட்டில் வைத்திருந்தாலும் குற்றம். ஜெயில் தண்டனை உண்டு. "இது வீட்டில் இருந்தால் அதிர்ஷ்டம்" என்று யாராவது நட்சத்திர ஆமையை நீட்டினால், வாங்கி விடாதீர்கள். அமீனாவுக்குப் பதில் வனத்துறை அதிகாரி வந்து நிற்பார்!

தட்டு அளவு வளரும்

கடையில் பார்க்கும்போது குஞ்சு 3 சென்டிமீட்டர்தான் இருக்கும். "இது இவ்வளவுதாங்க, பெரிசா ஆகாது" என்று கடைக்காரர் சொல்லுவார். நம்பாதீர்கள். பெண் ஆமை 25 முதல் 30 சென்டிமீட்டர் வரை வளரும். சாப்பாட்டுத் தட்டு அளவு! ஆண் ஆமை சற்றுச் சிறியது. முன்னங்கால் நகம் நீளமாக இருந்தால், அது ஆண்.

வயது? நன்றாகக் கவனித்தால் 30 ஆண்டுகள் கூட வாழும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பையனுக்கு இப்போது 8 வயது. அவன் பள்ளிக்கூடம் முடிப்பான், கல்லூரிக்குப் போவான், வெளியூரில் வேலை கிடைக்கும், கல்யாணம் ஆகும். ஆமை மட்டும் இங்கேயே இருக்கும். தண்ணீர் மாற்றப் போவது யார்? அம்மாதான்! ஆகவே, அம்மாவைக் கேட்காமல் ஆமை வாங்கக் கூடாது என்பது என் கட்சி.

சிறிய பிளாஸ்டிக் தட்டு, அதன் நடுவே ஒரு பிளாஸ்டிக் தென்னை மரம். ஆமையுடன் இதையும் சேர்த்து விற்பது உண்டு. பார்க்க அழகுதான். ஆனால் ஆமைக்கு அது சிறைச்சாலை. ஓட்டின் நீளம் ஓர் அங்குலம் என்றால், சுமார் 40 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்பது வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. 4 அங்குல ஆமைக்கு 160 லிட்டர். 10 அங்குலம் ஆகி விட்டால் 400 லிட்டர்! ஆமை ஏறி உட்கார்ந்து உடம்பைக் காய வைக்க ஒரு கல்லோ, பலகையோ இருக்க வேண்டும். சாப்பிடுவதும் அதே தண்ணீரில்தான், கழிவதும் அதே தண்ணீரில்தான். எனவே தண்ணீரைச் சுத்தம் செய்யும் பில்டர் தேவை. அது இருந்தாலும், தண்ணீரை அடிக்கடி மாற்றத்தான் வேண்டும்.

வெயில்தான் மருந்து

வீட்டு ஆமைகள் நோயில் விழுவதற்கு முக்கியமான காரணம், வெயில் படாததுதான்.

ஆமையின் உடம்பு தானாகச் சூடு உண்டாக்கிக் கொள்ளாது. வெயிலில் காய்ந்துதான் சூடு பெற வேண்டும். சூடு இல்லாவிட்டால் தின்றது செரிக்காது. இன்னொன்றும் உண்டு. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டால்தான், அதன் உடம்பில் "டி" வைட்டமின் உண்டாகும். அந்த வைட்டமின் இருந்தால்தான், தின்னும் தீனியில் உள்ள சுண்ணாம்புச் சத்து உடம்பில் சேரும். சேராவிட்டால் ஓடு மெத்தென்று ஆகிவிடும், கால்கள் வளையும்.

ஓடு என்பது ஆமை போட்டுக்கொண்ட சட்டை அல்ல. அதன் முதுகெலும்பும் விலா எலும்பும் சேர்ந்துதான் ஓடாக ஆகியிருக்கின்றன. தொட்டால் அதற்குத் தெரியும். சிலர் அழகுக்காக ஓட்டில் வர்ணம் பூசுகிறார்கள். தயவு செய்து வேண்டாம்!

ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் போதாது. கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். குளிர் நாடுகளில் இதற்கென்று தனி பல்பு வாங்கி எரிக்கிறார்கள். நமக்குச் சூரியன் இனாம்! காலை வெயிலில் கொஞ்ச நேரம் வையுங்கள். பாதி இடம் நிழலாக இருக்கட்டும். காக்கையும் பூனையும் கொத்திக் கொண்டு போகாமல், பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில், உச்சி வேளையில் கண்ணாடித் தொட்டியை வெளியே வைத்தால், ஆமை வெந்துவிடும்.

தீனி விஷயம் சுலபம். உலர்ந்த இறாலை மட்டும் போட்டு வளர்ப்பது தவறு. குஞ்சுக்கு ஆமைத் தீனி, மண்புழு, சிறு மீன் கொடுக்கலாம். வளர வளர இலை தழை அதிகம் வேண்டும். கேரட் துருவல் நல்லது. "ஏ" வைட்டமின் குறைந்தால் கண் வீங்கி மூடிக்கொள்ளும். ஒரு வேளைக்கு அதன் தலை அளவு தீனி போதும். தண்ணீரில்தான் போட வேண்டும். தரையில் வைத்தால் அதனால் விழுங்க முடியாது. சோறு, ரொட்டி, பால் கூடாது. நீந்தும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்தால், நுரையீரலில் கோளாறு இருக்கலாம். கால்நடை டாக்டரிடம் உடனே காட்டுங்கள்.

முத்தம் கூடாது

ஆமை எவ்வளவு ஆரோக்கியமாக இருந்தாலும், "சால்மொனெல்லா" என்ற கிருமி அதன் உடம்பில் இருக்கலாம். ஆமையை அது ஒன்றும் செய்யாது. மனிதனுக்கு வாந்தி, பேதி, காய்ச்சல் கொண்டுவரும். குழந்தைகளுக்கு ஆபத்தாகவும் முடியலாம். அமெரிக்காவில் 1970-ம் ஆண்டுகளின் தொடக்கத்தில், ஆமைகளால் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 2 லட்சத்து 80 ஆயிரம் பேருக்கு இந்த நோய் வந்ததாகக் கணக்கிட்டார்கள். சிறுவர்கள் ஆமைக் குஞ்சை வாயில் வைத்துக் கொண்டதும் ஒரு காரணம்! 1975-ம் ஆண்டு, 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை வளர்ப்பதற்காக விற்கக் கூடாது என்று அங்கே தடை போட்டார்கள்.

ஆமையைத் தொட்டால், சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். தொட்டியைச் சமையல் அறையில் கழுவாதீர்கள். 5 வயதுக்கு உட்பட்ட பிள்ளை இருக்கும் வீட்டில், ஆமை வேண்டவே வேண்டாம்.

கோவில் குளத்தில் விடலாமா?

ஆமை பெரிதாகிவிட்டது, தொட்டி நாறுகிறது, வீட்டில் சண்டை! அப்போது பலருக்கும் தோன்றுவது, "கோவில் குளத்தில் விட்டுவிடுவோம், புண்ணியம்" என்பதுதான். அதைவிடப் பெரிய கெடுதல் வேறு இல்லை. இந்த ஆமை முரட்டு உடம்பு கொண்டது. நம் ஊர் ஆமைகளின் தீனியைத் தின்றுவிடும். அவை வெயில் காயும் இடத்தையும் பிடித்துக் கொள்ளும். கேரளத்தில், திருச்சூர் பக்கம் ஒரு கால்வாயில் 2018-ம் ஆண்டு இந்த ஆமை கிடைத்தது. யாரோ ஒருவர் வளர்த்து, விட்டதாகத்தான் இருக்கும்.

வளர்க்க முடியாவிட்டால், வளர்க்கத் தெரிந்த வேறு ஒருவரிடம் கொடுங்கள். ஆள் கிடைக்காவிட்டால், வனத்துறையினரிடம் யோசனை கேளுங்கள்.

ஜப்பானில் இந்தக் குஞ்சுகளைத் திருவிழாக் கடைகளில் விற்றார்கள். "மிடோரி-கமே", அதாவது பச்சை ஆமை என்று குழந்தைகள் ஆசையாக வாங்கினார்கள். வளர்ந்தபின் குளத்திலும் ஆற்றிலும் விட்டார்கள். அவை பெருகி, அந்த நாட்டு ஆமைகளை நெருக்கின. கடைசியில் சட்டம் வந்தது. 2023-ம் ஆண்டு ஜூன் 1-ந் தேதி முதல் அங்கே இந்த ஆமையை விற்கக் கூடாது. வெளியில் விடவும் கூடாது. ஏற்கனவே வீட்டில் இருக்கும் ஆமையை, அதன் ஆயுள் முடியும்வரை வளர்த்துக் கொள்ளலாம்.